கூரை போட்ட பாலமும் குளமாகிப்போன ஓடையும்

அமெரிக்கக் காலண்டர்களில் தவறாமல் இடம்பிடிக்கும் படம் ஒன்று உண்டு. சிவந்து நிற்கும் இலையுதிர்கால மரங்கள், நடுவே ஒரு சிற்றாறு, அதன்மேல் பலகைச் சுவரும் சாய்ந்த கூரையுமாக ஒரு மரப்பாலம். ‘தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாலங்கள் பழக்கமானவை. வீட்டுக்குக் கூரை வேண்டும், மாட்டுக்கொட்டகைக்கும் வேண்டும். ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடுகிற பாலத்துக்கு எதற்குக் கூரை?

உள்ளூரில் கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும். கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்துக் குதிரைகள் மிரளாமல் இருக்க என்பார்கள். மழையில் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர் ஒதுங்கி நிற்க என்பார்கள். குளிர்காலப் பனியின் பாரம் பாலத்தை முறித்துவிடாமல் இருக்க என்பது மூன்றாவது. மூன்றில் இதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆனால் இதுவும் தவறு. கூரை நிற்பதே பாலத்தின் மேல்தான். கூரையில் விழுந்த பனியின் எடையும் கடைசியில் அதே மரங்களில்தான் இறங்கும். இன்னொரு சான்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் பனி விழுந்துவிட்டால் சக்கர வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சறுக்கு வண்டியைப் பூட்டுவார்கள். சறுக்கு வண்டி ஓடுவதற்குத் தரையில் பனி இருக்க வேண்டும். கூரை போட்ட பாலத்துக்குள் வெறும் பலகைதான் இருக்கும், வண்டி நகராது. ஆகவே ஊர்க்காரர்கள் கூலி கொடுத்து ஆள் வைத்து, வெளியில் கிடக்கும் பனியை அள்ளிப் பாலத்துக்குள் பரப்பினார்கள். பனியைத் தடுக்க நினைத்தவர்கள் செய்கிற வேலையா இது?

கூரை போட்டது மனிதருக்காகவும் இல்லை, குதிரைக்காகவும் இல்லை, மரத்துக்காக.

தண்ணீர் பட்டால் மரம் மட்கிப்போகும் என்று பொதுவாகச் சொல்கிறோம். மட்கச் செய்வது தண்ணீர் அல்ல, பூஞ்சை. மரத்தின் உடலை ஆக்கியிருக்கும் செல்லுலோஸைப் பூஞ்சையின் நுண்ணிய இழைகள் நொதிகளைச் சுரந்து கரைத்து உண்கின்றன. அதற்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையில் ஈரத்தின் அளவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. மாறாக, மரம் முழுக்க நீருக்கடியில் மூழ்கிக் கிடந்தால் காற்று கிடைக்காது. அப்போதும் பூஞ்சைக்கு வழியில்லை. ஆற்றுக்கு அடியில் அடித்த மர முளைகள் நூற்றாண்டுகள் கடந்தும் உறுதியாக இருப்பது இதனால்தான். எப்போதும் காய்ந்திருக்கும் மரம் பிழைக்கும், எப்போதும் மூழ்கியிருக்கும் மரமும் பிழைக்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் மரம்தான் போய்விடும். திறந்தவெளியில் கிடக்கும் பாலத்தின் கதி அதுவே.

அதிலும் முதலில் சாவது இணைப்புகள். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி இன்னொரு மரத்தின் குழியில் செருகி, குறுக்கே ஆப்பு அறைந்திருப்பார்கள். மழைநீர் அந்தக் குழியில் போய்த் தங்கும். மரத்தின் பக்கவாட்டுப் பரப்பைவிட அறுபட்ட முனை பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்து கிடக்கின்றன அல்லவா? வெளியே வெயிலில் காய்ந்து உறுதியாகத் தெரியும் பாலம், இணைப்புகளுக்குள் உளுத்துக்கொண்டிருக்கும்.

ஓர் இணைப்பு போனால் என்ன என்று தோன்றலாம். இங்கேதான் பாலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான்கு சட்டங்களை அடித்துச் செய்த கயிற்றுக் கட்டிலின் ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். சதுரம் கோணிக்கொண்டு சாய்சதுரமாகும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டத்தை அடித்துவிட்டால் அசையாது. நான்கு பக்க உருவம், பக்கங்களின் நீளம் மாறாமலே வடிவம் மாற முடியும். முக்கோணத்தால் அது முடியாது. ஆற்றின் அகலத்துக்கு ஒரே மரம் கிடைக்காது, கிடைத்தாலும் நடுவில் தொய்யும். எனவே குட்டையான மரங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து இரண்டு நெடுஞ்சுவர்கள் எழுப்பி, அவற்றுக்கிடையே தரையைத் தொங்கவிட்டார்கள். பொறியாளர்கள் இதை டிரஸ் என்கிறார்கள். தமிழில் சட்டகத் தாங்கி எனலாம். பாலத்தின் பலகைச் சுவருக்குள் மறைந்திருப்பது இதுதான். இதில் சில மரங்கள் நசுங்கலைத் தாங்கும், சில இழுப்பைத் தாங்கும். இந்த விசைகள் எல்லாம் இணைப்புகள் வழியாகவே கைமாறுகின்றன. தரைப்பலகை போனால் ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம். இணைப்பு போனால் பாலமே ஆற்றில்.

இணைப்புகளைக் காக்கக் கூரை போடும் இந்த வழியை அமெரிக்காவில் முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது பிலடெல்பியா. அங்கே ஸ்கூல்கில் ஆற்றின் குறுக்கே திமோதி பாமர் என்ற தச்சர் கட்டிய பெரிய மரப்பாலம் 1805இல் திறக்கப்பட்டது. பாலத்தைக் கட்டுவித்த நிறுவனத்தின் தலைவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி. இவ்வளவு செலவழித்துவிட்டு மழையில் விடுவதா என்று அவர் பிடிவாதமாகச் சுவரும் கூரையும் போட வைத்தார். பாமரும் அதற்கு உடன்பட்டார். நியூ இங்கிலாந்துப் பகுதியில் தான் பார்த்த திறந்த மரப்பாலங்களின் ஆயுள் அவருக்குத் தெரியும்: பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். மூடினால் முப்பது நாற்பது ஆண்டு வரும் என்று மதிப்பிட்டார். மிகவும் அடக்கமான மதிப்பீடு. நியூயார்க் மாநிலத்தின் ஹைட் ஹால் பாலம் 1825இல் கட்டியது, இன்னும் நிற்கிறது. கனெக்டிகட் ஆற்றின்மேல் 1866இல் கட்டிய கார்னிஷ்–வின்ட்சர் பாலத்தில் இன்றும் கார்கள் போகின்றன. (குதிரையை நடத்திச் செல்லாமல் ஓட்டிச் சென்றால் 2 டாலர் அபராதம் என்ற அதன் பழைய அறிவிப்புப் பலகையும் பிரபலம். ஒரே தாளத்தில் விழும் குளம்படிகள் மரச்சட்டகத்தை அதிரவைக்கும் என்ற பயம்.)

ஐரோப்பாவில் இந்த வழக்கம் இன்னும் பழையது. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரக் கூரைப்பாலம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் மரம் மலிவாகவும் ஆள்கூலி அதிகமாகவும் ஆறுகள் கணக்கில்லாமலும் இருந்த அமெரிக்காவில்தான் இது ஊருக்கு ஊர் பரவியது. அங்கும் பென்சில்வேனியாவுக்கே முதலிடம், இன்று மிஞ்சியிருப்பவையே இருநூறுக்கு மேல். அந்த மாநிலத்தின் லான்காஸ்டர் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகள் கோதுமை விளைவித்த வளமான மண். அங்குள்ள கூரைப்பாலங்களின் பெயர்களைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: ஹன்செக்கர் ஆலைப் பாலம், சூக் ஆலைப் பாலம், பிட்சர் ஆலைப் பாலம், பைன்டவுன் புஷாங் ஆலைப் பாலம். பெயரெல்லாம் மாவரைக்கும் ஆலைக்காரர்களின் பெயர். குடியானவர் கோதுமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகவேண்டிய இடம் நீராலை. ஆலை இருப்பது ஆற்றங்கரையில். பாதிப் பேரின் நிலமோ எதிர்க்கரையில். பாலத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் தச்சர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்கூட, உச்சிவரை வைக்கோல் ஏற்றிய வண்டி தட்டாமல் போகவேண்டும் என்பதுதான்.

இந்த வட்டாரப் பாலங்களில் பெரும்பாலானவை தியோடர் பர் என்பவர் 1817இல் காப்புரிமை பெற்ற முறையில் கட்டியவை. முக்கோணச் சட்டகத்தின் இருபுறமும் நெடிய மர வளைவு ஒன்றைச் சேர்த்துப் பிணைப்பது அவருடைய வழி. சஸ்குவஹானா ஆற்றின்மேல் மெக்கால்ஸ் ஃபெர்ரியில் 1815இல் 360 அடிக்கு மேல் நீண்ட ஒரே வளைவைத் தூக்கி நிறுத்திய மனிதர் அவர். ஆறு உறைந்துகிடந்த குளிர்காலத்தில், பனிக்கட்டியின் மேலேயே சாரம் கட்டி அந்த வேலையைச் செய்தார். சில ஆண்டுகளிலேயே அதே ஆற்றின் பனிக்கட்டி மோதி அது போயிற்று. இதில் வியப்பு என்னவென்றால், சட்டகத்தின் ஒவ்வொரு மரத்திலும் எவ்வளவு விசை ஓடுகிறது என்று கணக்கிடும் முறையை ஸ்குவையர் விப்பிள் என்ற அமெரிக்கப் பொறியாளர் நூலாக வெளியிட்டதே 1847இல்தான். ஹன்செக்கர் ஆலைப் பாலம் அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1843இல், 180 அடி நீளத்துக்கு நடுவில் தூண் இல்லாமல் எழுந்துவிட்டது. கண்ணளவும் கைப்பழக்கமும்தான் கணக்கு.

ஆனால் கூரை மேலிருந்து வரும் தண்ணீரைத்தான் தடுக்கும். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் பென்சில்வேனியாவில் கொட்டித் தீர்த்தபோது தண்ணீர் கீழிருந்து வந்தது. மரம் தண்ணீரைவிட லேசானது. வெள்ளம் தரைப்பலகைக்கு மேல் ஏறியதும், கரைத்தூண்களின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பாலம் மிதக்கப் பார்க்கும். ஹன்செக்கர் பாலம் அப்படியே தூக்கி எறியப்பட்டது. பைன்டவுன் பாலமும் பீடத்தை விட்டு நகர்ந்தது. இரண்டையும் பிறகு திரும்பக் கட்டினார்கள். சூக் ஆலைப் பாலம் மட்டும் உள்ளே ஆளுயரத்துக்குத் தண்ணீர் புகுந்தும் இடத்தை விட்டு அசையாமல் தப்பித்தது.

இனி ஆலைக்கு வருவோம். நீர்ச்சக்கரத்தை வைத்துத் திரிகைக்கல்லைச் சுற்றும் ஏற்பாட்டை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். நிமிர்ந்து நிற்கும் சக்கரம் மெதுவாகச் சுழல, பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைத் திசைதிருப்பி வேகமாக்கி, படுத்துக் கிடக்கும் கல்லுக்குத் தரும். 18ஆம் நூற்றாண்டு வரை அடிப்படை மாறவில்லை. கீழ்க்கல் அசையாது, மேல்கல் அதைத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் சுற்றும். இரண்டு கற்களிலும் நடுவிலிருந்து விளிம்புக்குச் சாய்வான பள்ளங்கள் கொத்தியிருக்கும். மேல்கல்லைக் கவிழ்த்துப் போடும்போது அதன் பள்ளங்களும் கீழ்க்கல்லின் பள்ளங்களும் ஒன்றையொன்று வெட்டி, கத்தரிக்கோல் போலத் தானியத்தை நறுக்கி, மாவை வெளியே தள்ளும். கல் தொட்டுவிட்டால் பொறி பறக்கும். மாவுத்தூசி நிறைந்த மரக்கட்டடத்தில் அதன் முடிவைச் சொல்ல வேண்டியதில்லை.

பாலங்களைப் போல ஆலைகளிலும் கூரைக்கு நிகரான ஒரு புதிர் இருக்கிறது. ஆறுதான் ஓடுகிறதே, சக்கரத்தை அப்படியே ஓட்டத்தில் இறக்கிவிட்டால் போதாதா? எதற்காக ஒவ்வொரு ஆலைக்காரரும் அணை கட்டினார்?

தண்ணீரிடமிருந்து வேலை வாங்க இரண்டு வழி உண்டு. ஓடும் தண்ணீர் சக்கரத்தின் அடிப்பலகைகளில் மோதித் தள்ளலாம். இது அடிப்பாய்வுச் சக்கரம். அல்லது வாய்க்கால் வழியே தண்ணீரைச் சக்கரத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, விளிம்பிலுள்ள தொட்டிகளில் நிரப்பி, அந்த எடையே சக்கரத்தை இழுத்து இறக்கும்படி விடலாம். இது மேல்விழு சக்கரம். எது சிறந்தது? 1704இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் அந்துவான் பாரான் தாளில் கணக்குப் போட்டு, நீர்ச்சக்கரத்தால் ஓட்டத்தின் ஆற்றலில் அதிகபட்சம் 27இல் 4 பங்கைத்தான் எடுக்க முடியும் என்றார். மதிப்புள்ள கணக்கு என்பதால் அரை நூற்றாண்டு பலர் அதை நம்பினார்கள்.

ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நம்பவில்லை, அளந்து பார்த்தார். ஏறத்தாழ 2 அடி விட்டமுள்ள மாதிரிச் சக்கரம் ஒன்றைச் செய்தார். கைப்பம்பால் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றி, அளவான மதகு வழியே சக்கரத்தின்மேல் விட்டார். சக்கரத்தின் அச்சில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் எடைத்தட்டு. சக்கரம் சுழலச் சுழலத் தட்டு மேலே ஏறும். கொடுத்த தண்ணீர் எவ்வளவு, எவ்வளவு உயரத்திலிருந்து, பதிலுக்கு எவ்வளவு எடை எவ்வளவு உயரம் ஏறியது: இந்த நான்கு எண்கள் போதும், சக்கரத்தின் திறனைச் சொல்லிவிடலாம். உராய்வில் போவதையும் தனியாக அளந்து கழித்தார். 1759இல் ராயல் சொசைட்டியில் அவர் முன்வைத்த முடிவு: அடிப்பாய்வுச் சக்கரம் தண்ணீரின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை, மேல்விழு சக்கரம் மூன்றில் இரண்டு பங்கைத் தந்தது. அந்த ஆண்டின் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

ஏன் இந்த இரண்டு மடங்கு வேறுபாடு? பலகையில் மோதும் தண்ணீர் சிதறுகிறது, சுழிக்கிறது, நுரைக்கிறது. அந்தக் கொந்தளிப்பெல்லாம் ஆற்றல். மாவரைக்கப் போகாமல் வீணாகிறது. மோதிய பிறகும் தண்ணீர் வேகத்தோடு ஓடுவதால் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. தொட்டியில் அமர்ந்து மெல்ல இறங்கும் தண்ணீருக்கு இந்த விரயம் குறைவு. ஆற்றின் வேகத்தைவிட அதன் எடைதான் ஆலைக்காரருக்கு லாபம்.

ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 100 லிட்டர் ஓடும் ஓடை 3 மீட்டர் இறங்கினால் அதிலுள்ள திறன் ஏறத்தாழ 3 கிலோவாட். நல்ல மேல்விழு சக்கரம் அதில் 2 கிலோவாட்டை, அதாவது இரண்டரைக்குச் சற்று மேற்பட்ட குதிரைத்திறனைக் கல்லுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு ஜோடிக் கல்லை நிதானமாக ஓட்டலாம். இதில் 3 மீட்டர் என்பதுதான் உயிர். லான்காஸ்டர் பக்கத்து ஓடைகள் சாதுவானவை, மலையருவிபோல இறங்குவதில்லை. இறக்கம் இல்லாத இடத்தில் இறக்கத்தைச் செய்துகொள்ள வேண்டும். குறுக்கே இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்கு அணை, அதன் பின்னால் குளம், குளத்திலிருந்து சக்கரத்தின் தலைக்கு ஆலை வாய்க்கால். அண்டை நிலம் மூழ்கினால் இழப்பீடு கொடுத்துவிட்டு அணையை வைத்துக்கொள்ளலாம் என்று மாசசூசெட்ஸ் 1714இலேயே சட்டம் போட்டது. பிற இடங்களும் அந்த வழியில் போயின. 1790இல் ஆலிவர் எவன்ஸ், தானியத்தையும் மாவையும் ஆள் சுமக்காமல் வாளிப் பட்டைகளும் திருகுகளும் தூக்கிச் செல்லும் தானியங்கி ஆலைக்குக் காப்புரிமை பெற்றார். ஜார்ஜ் வாஷிங்டனே தன் ஆலையில் அதை வைத்துக்கொண்டார். ஆலைகள் பெருகின. 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கிழக்கு அமெரிக்காவில் மட்டும் 65,000க்கு மேற்பட்ட நீராலைகள்.

65,000 ஆலை என்றால், கிட்டத்தட்ட அத்தனை அணை. ஓடும் தண்ணீர் மண்ணைச் சுமப்பது வேகத்தால். குளத்தில் வேகம் போனதும் வண்டல் அடியில் படியும். அதே காலத்தில் கோதுமைக்காகக் காடு வெட்டி உழுத மண் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வந்துகொண்டிருந்தது. குளங்கள் தூர்ந்தன. பிறகு நீராவியும் எஃகு உருளை ஆலைகளும் வந்து நீராலைகளைச் சாப்பிட்டன. கைவிட்ட அணைகள் உடைந்தன. ஓடை, குளத்தின் பழைய வண்டலை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. இருபுறமும் செங்குத்தான மண்கரை, நடுவே வளைந்து வளைந்து ஓடும் தண்ணீர். இன்று காலண்டர் படத்தில் பாலத்துக்குக் கீழே தெரியும் ‘இயற்கையான’ ஓடை இதுதான்.

படம் எடுப்பவர்கள் ஏமாந்ததில் குற்றமில்லை. ஆறுகளை ஆராய்பவர்களும் ஏமாந்தார்கள். 1950களில் லூனா லியோபோல்ட், கோர்டன் வோல்மன் இருவரும் ஆறுகள் வளைந்தோடும் விதத்தை அளந்து எழுதியவை நவீன ஆற்றியலின் அடித்தளம். பென்சில்வேனியாவின் பிராண்டிவைன் ஓடையும் மேரிலாந்தின் சில ஓடைகளும் அவர்களுடைய களங்கள். லான்காஸ்டரிலேயே உள்ள ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியின் புவியியலாளர்கள் ராபர்ட் வால்ட்டரும் டோரதி மெரிட்ஸும் அதே ஓடைகளுக்குத் திரும்பப் போனார்கள். அவை இயற்கை ஓடைகளே அல்ல, தூர்ந்த ஆலைக்குளங்களை அறுத்து ஓடுபவை என்று 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

எப்படித் தெரிந்தது? கரையை வெட்டிப் பார்த்தால் போதும். மேலே ஒன்றிலிருந்து ஐந்து மீட்டர் வரை ஒரே சீரான மென்மையான பழுப்பு வண்டல். அதற்குக் கீழே சட்டென்று ஒரு கறுப்புப் பட்டை, அரை மீட்டர் போல. ஈரநிலத்தில் வளரும் கோரைகளின் விதைகளும் சுள்ளிகளும் மக்காமல் அதில் இருக்கின்றன. கார்பன் முறையில் பார்த்தால் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள். அதற்கும் கீழே சரளை. வளைந்து நகரும் ஆறு தானே போட்ட கரையாக இருந்தால், அது நகர்ந்த வழியில் மணலும் கூழாங்கல்லும் அடுக்கு அடுக்காக வண்டலுக்கு நடுவே கிடக்க வேண்டும். இங்கே இல்லை. அசையாத தண்ணீரில் அமைதியாகப் படிந்த மண் இது. விமானத்திலிருந்து லேசர் ஒளியை வீசித் தரை உயரத்தை அளக்கும் லைடார் படங்களில், பழைய வரைபடம் அணை என்று குறித்த ஒவ்வோர் இடத்திலும் கரை மட்டம் திடீரென ஒரு படி இறங்குகிறது. வண்டலும் அணைக்குப் பக்கத்தில் மிகத் தடிப்பாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்குகளில் ஒரே ஆழமான ஓடை இருந்ததாகவே தெரியவில்லை; கோரை மண்டிய சதுப்பில் தண்ணீர் பல சிறு கிளைகளாக மெல்லக் கசிந்திருக்கிறது.

மற்றப் புவியியலாளர்கள் எல்லாரும் இதை அப்படியே ஏற்கவில்லை. காட்டை அழித்ததே போதும், அணை இல்லாவிட்டாலும் பள்ளத்தாக்கில் வண்டல் சேர்ந்திருக்கும் என்பது ஒரு வாதம். லான்காஸ்டர் ஓடைகளைப் பொறுத்தவரை கறுப்புப் பட்டையும் அணைப் படிகளும் சேர்ந்து சொல்லும் சாட்சியை மறுப்பது கடினம் என்றே நினைக்கிறேன். நாட்டின் எல்லா ஓடைகளுக்கும் இதை விரிப்பதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

இது ஏட்டோடு நிற்கும் விவாதமும் அல்ல. இந்த ஓடைகள் சஸ்குவஹானா வழியாகச் செசபீக் விரிகுடாவில் சேர்கின்றன. அங்கே போய்ச்சேரும் வண்டலும் பாஸ்பரசும் கடற்புல்லையும் சிப்பிகளையும் வாட்டுகின்றன. எந்த மாநிலம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று 2010இல் மத்திய அரசு வரம்பு விதித்தது. பழி வழக்கமாக விவசாயி தலையில்தான் விழும், அவரும் வரப்போரம் புல் வளர்த்து, உழவைக் குறைத்துப் பார்க்கிறார். ஆனால் வண்டலில் ஒரு பெரும் பங்கு இன்றைய வயலிலிருந்து வராமல், ஆலைக்காரர்கள் விட்டுப்போன கரைகள் இடிந்து வருகிறது என்றால், வயலில் செய்யும் எந்த வேலையும் அதை நிறுத்தாது. 2011இல் லான்காஸ்டர் நகருக்குத் தெற்கே பிக் ஸ்பிரிங் ரன் என்ற ஓடையில் ஒரு பகுதியில் ஏறத்தாழ 20,000 டன் பழைய வண்டலை எந்திரங்களால் அள்ளி எடுத்து, கறுப்பு மண்ணின் மட்டத்துக்கே பள்ளத்தாக்கை இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கீழே போகும் வண்டல் வெகுவாகக் குறைந்தது. செலவுதான் தடை. ஒரு மீட்டர் ஓடையைத் தோண்டினால் விரிகுடாவுக்குப் போகும் வண்டல் எவ்வளவு குறையும், அதை விரிகுடாக் கணக்கில் எந்த ஊரின் வரவாக எழுதுவது என்பதில் பென்சில்வேனியா அதிகாரிகளும் பொறியாளர்களும் இன்று முட்டிக்கொள்கிறார்கள்.